பட்டாவில் பேர், பாஸ்புக்கில் பணம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் விவசாயிக்கு வரும் அரசுப் பணத்தைப் பற்றிப் பேசுவதென்றால் 2020ஆம் ஆண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். விழுப்புரத்திலிருந்து பிரிந்து, 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாகி அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. ஊரடங்குக் காலம். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டத்தில் விவசாயி தானே இணையத்தில் பதிந்துகொள்ளலாம் என்றொரு வசதி இருந்தது. அதைத் தனியார் கணினி மையங்களும் இடைத்தரகர்களும் வளைத்துக்கொண்டார்கள். ஒப்புதல் தரும் அலுவலகக் கடவுச்சொற்கள் வெளியாட்கள் கைக்குப் போயின. சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர்களின் ஆதாரும் வங்கிப் புத்தகமும் வாங்கப்பட்டு, அவர்கள் 'விவசாயி' ஆக்கப்பட்டார்கள். கொரோனா உதவித்தொகை என்று நம்பிக் கொடுத்தவர்களும் அதில் உண்டு. ஆகஸ்ட்டில் விஷயம் வெளியே வந்தபோது கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை எனப் பல மாவட்டங்களில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியில்லாத பெயர்கள் இருந்தன. போன பணம் சுமார் 110 கோடி ரூபாய். சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது, ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டார்கள், வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் திரும்பப் பிடிக்கப்பட்டது.

இந்தப் பழைய கதை இன்றைக்கும் நம்மை விடவில்லை. அதன் பிறகு சோதனைமேல் சோதனை வந்தது: நிலப் பதிவேட்டோடு ஒப்பிடுதல், கைரேகை, ஆதாரோடு வங்கிக் கணக்கை இணைத்தல். திருட்டைத் தடுக்க இவை தேவைதான். ஆனால் இவற்றில் சிக்கிப் பணம் நின்றுபோனவர்களில் பெரும்பாலோர் திருடர்கள் அல்ல. அப்பா பேரிலோ தாத்தா பேரிலோ பட்டா இருக்க, அந்த நிலத்தில் உழுதுகொண்டிருக்கும் உண்மையான விவசாயிகள். அதனால்தான் திட்டங்களைப் பட்டியலிடுவதற்கு முன்னால் காகிதத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் சிட்டாவை எடுங்கள்

இ-சேவை மையத்திலோ, வருவாய்த் துறையின் இணையதளத்திலோ உங்கள் பட்டா எண்ணைக் கொடுத்துச் சிட்டா நகலை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே பட்டா எண், அடுத்து உரிமையாளர் பெயர், அதன் கீழே புல எண்ணும் உட்பிரிவும், பிறகு நன்செய், புன்செய் என்று தனித்தனியாகப் பரப்பும் தீர்வையும் இருக்கும். பரப்பு ஏக்கரில் இருக்காது, ஹெக்டேர்–ஏர் கணக்கில் இருக்கும். 0–81.00 என்றிருந்தால் எண்பத்தொரு ஏர், அதாவது இரண்டு ஏக்கர். நாற்பதரை ஏர் ஒரு ஏக்கர் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது உரிமையாளர் பெயரை ஆதார் அட்டையோடு வைத்துப் பாருங்கள். பட்டாவில் 'சின்னசாமி மகன் ராமசாமி' என்றும், ஆதாரில் 'ராமசாமி கவுண்டர்' என்றும் இருந்தால் அலுவலகத்தில் ஒருவர் நின்று விளக்கிச் சரிசெய்யலாம். பட்டாவில் இருப்பதே சின்னசாமி என்றால் விளக்கத்துக்கு இடமில்லை. பெரியவர் இறந்து எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும் அரசின் கணக்கில் அவர்தான் விவசாயி. இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று இரண்டையும் எடுத்துக்கொண்டு இ-சேவை வழியாகப் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துத் தனித்தனிப் பட்டா கேட்டால் அது உட்பிரிவோடு கூடிய மாறுதல். சர்வேயர் வந்து அளக்க வேண்டும், நாள் பிடிக்கும். அவசரத்துக்கு, வாரிசுகள் எல்லோர் பேரையும் சேர்த்துக் கூட்டுப் பட்டாவாக மாற்றிக்கொள்வது சுலபம். பாகப்பிரிவினையில் மனத்தாங்கல் இருக்கும் குடும்பங்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: சண்டையை வைத்துக்கொள்ளுங்கள், இறந்தவர் பேரில் பட்டாவை வைத்துக்கொள்ளாதீர்கள்.

பேரே தவறாக ஏறியிருக்கும் பட்டாக்களும் உண்டு. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், ஊர்வாயில் யூ.டி.ஆர். என்கிறோமே அதில், பக்கத்து நிலத்துக்காரர் பேர் ஏறியது, பரப்பு குறைந்தது, நிலம் தரிசு என்று எழுதப்பட்டது என்று பல பிழைகள் நேர்ந்தன. அதைக் கிராம நிர்வாக அலுவலர் திருத்த முடியாது. பழைய பத்திரம், பழைய பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு மேல் அலுவலகத்துக்கு மனுச் செய்ய வேண்டும். ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தி இதற்கு நல்ல நேரம்.

ஆண்டுக்கு 6,000: எங்கே நிற்கிறது?

பி.எம். கிசான் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. முதல் தவணை 2018 டிசம்பரிலிருந்து கணக்கிடப்பட்டது. முதலில் இரண்டு ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்றிருந்தது, அதே ஆண்டு ஜூனில் அந்த உச்சவரம்பு நீக்கப்பட்டது. நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாய். கணவன், மனைவி, பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். குடும்பத்துக்கு ஒருவருக்குத்தான் பணம். 21ஆவது தவணை 2025 நவம்பர் 19 அன்று கோவையில் நடந்த இயற்கை வேளாண் மாநாட்டில் விடுவிக்கப்பட்டது. ஒரு தவணையும் விடாமல் வாங்கியவருக்கு அன்றைக்கு மொத்தம் 42,000 ரூபாய் சேர்ந்திருக்கும். பட்டா மாற்றாமல் விட்டதன் விலை அதுதான்.

2019 பிப்ரவரி 1ஆம் தேதியன்று நிலம் உங்கள் பேரில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலத்துக்குப் பணம் இல்லை. உரிமையாளர் இறந்து வாரிசாக வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. வருமான வரி கட்டுபவர், அரசுப் பணியில் இருப்பவர் அல்லது ஓய்வு பெற்றவர் (கடைநிலை ஊழியர் தவிர), மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர், தொழில் நடத்தும் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் ஆகியோருக்குக் கிடையாது. வாங்கியிருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும்.

பணம் வரவில்லை என்று அலுவலகத்துக்கு அலைவதற்கு முன், திட்டத்தின் இணையதளத்தில் 'பயனாளி நிலை' பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பதிவு எண்ணும் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யும் போதும். பக்கத்தின் நடுவில் மூன்று வரிகள் இருக்கும்: லேண்ட் சீடிங், இ-கே.ஒய்.சி., ஆதார் பேங்க் அக்கவுன்ட் சீடிங். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'யெஸ்' அல்லது 'நோ'. நீங்கள் எந்தப் படி ஏற வேண்டும் என்பதை அந்த மூன்று சொற்கள் சொல்லிவிடும்.

முதல் வரியில் 'நோ' என்றால் உங்கள் நிலம் பதிவேட்டோடு இணைக்கப்படவில்லை. சிட்டா, ஆதார் நகலோடு வட்டார உதவி வேளாண்மை இயக்குநர் அலுவலகத்துக்குப் போங்கள். வங்கிக்குப் போய்ப் பயனில்லை. இரண்டாவது வரியில் 'நோ' என்றால் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைக்கலாம். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாத பெரியவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு 2023இலிருந்து முகத்தைக் காட்டிப் பதியும் செயலி இருக்கிறது. வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியிலேயே செய்துவிடலாம். மூன்றாவது வரியில் 'நோ' என்றால் வங்கிக்குப் போங்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு மூன்று வங்கிகளில் கணக்கு இருந்தாலும், கடைசியாக எந்தக் கணக்கில் அரசு உதவிக்கென்று ஆதாரை இணைத்தீர்களோ அங்கேதான் பணம் போகும். "எனக்கு வரவே இல்லைங்க" என்று புலம்புகிற பலருக்கு, நூறு நாள் வேலைக்காகத் தொடங்கி மறந்துபோன கணக்கில் பணம் ஏறிக்கொண்டிருக்கும். வங்கிக் கிளை தூரமாக இருந்தால் அஞ்சல்காரரிடம் சொல்லுங்கள். அஞ்சல் துறை வங்கியில் ஆதார் இணைத்த கணக்கை ஊரிலேயே தொடங்கித் தருவார்கள்.

மூன்றும் 'யெஸ்' என்றிருந்தும் பணம் வராவிட்டால் 155261 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பதிவு செய்த பின் ஆவணக் குறையால் நின்ற தவணைகள், குறை தீர்ந்ததும் சேர்ந்து வருவதுண்டு. பதிவே செய்யாத காலத்துக்குப் பின்னோக்கிப் பணம் கிடையாது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். 2025இலிருந்து ஒவ்வொரு நில உடைமையாளருக்கும் தனித்துவ அடையாள எண் வழங்கப்படுகிறது. இதுவரை எடுக்காதவர்கள் வேளாண் விரிவாக்க மையத்திலோ பொதுச் சேவை மையத்திலோ உடனே எடுத்துக்கொள்ளுங்கள். இனி எல்லா மானியத்துக்கும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.

குத்தகைக்கு உழுபவருக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. இது பெரிய அநியாயம் என்பது என் கருத்து. ஒடிசா தன்னுடைய காலியா திட்டத்தில் பங்குக்கு உழுபவரையும் நிலமற்றவரையும் சேர்த்தது. செய்ய மனமிருந்தால் வழியிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. இங்கே வாரத்துக்கும் குத்தகைக்கும் பயிர் வைப்பவர்கள் குறைந்தபட்சம் கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் தங்கள் பேரை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏன் என்பது கீழே, காப்பீட்டைப் பற்றிச் சொல்லும் இடத்தில் புரியும்.

மலைமேல்

கல்வராயன் மலையில் கதை வேறு. ஜடய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் ஜாகீர்களாக இருந்த பகுதி இது. 1976இல்தான் அரசு நேரடியாக எடுத்துக்கொண்டது. சமவெளியில் நூறாண்டுக்கும் மேலாக இருக்கும் ரயத்துவாரிப் பட்டாவும் நில அளவையும் மலைக்கு வந்தது நேற்று என்றே சொல்லலாம். வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு பக்கம் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் மரவள்ளியும் மக்காச்சோளமும் வைக்கும் நிலங்களில் பல இன்றும் வனத்துறை எல்லைக்குள் இருக்கின்றன. பட்டா இல்லையென்றால் பி.எம். கிசான் இல்லை, சொட்டுநீர் மானியம் இல்லை.

இதற்கு வழி 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் பயிரிட்டு வரும் பழங்குடிக் குடும்பம் நான்கு ஹெக்டேர் வரை உரிமை கேட்கலாம். மனு கிராமசபையில் தொடங்குகிறது. அங்கே தீர்மானமாகி, கோட்ட அளவிலான குழு, மாவட்டக் குழு என்று மேலே போகும். பழைய அபராத ரசீது, ஆக்கிரமிப்பு என்று தந்த பி மெமோ, நிலத்தில் நிற்கும் பலா மரத்தின் வயது, கல்லடுக்கு வரப்பு, ஊர்ப் பெரியவர் வாக்குமூலம் எல்லாம் ஆதாரமாகும். உங்களை வெளியேற்றப் போட்ட அபராத ரசீதே நீங்கள் அங்கே இருந்ததற்குச் சாட்சி. கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். கிடைக்கும் உரிமை கணவன், மனைவி இருவர் பேரிலும் இருக்கும். விற்க முடியாது, பிள்ளைகளுக்குப் போகும். நீதிமன்ற நிபந்தனையால் தமிழ்நாட்டில் இந்த உரிமை வழங்குவது 2016 வரை தேங்கிக் கிடந்தது. முன்பு மனுக் கொடுத்துப் பதில் வராதவர்கள் மறுபடி கேளுங்கள். நிராகரித்தால் எழுத்தில் காரணம் தர வேண்டும், அறுபது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பட்டா உள்ள மலைவாழ் விவசாயிகள் பலர் தங்களுக்கிருக்கும் கூடுதல் சலுகையை அறியாமலே இருக்கிறார்கள். உழவு இயந்திரம், பவர் டில்லர் போன்றவற்றுக்குச் சிறு, குறு விவசாயிக்குப் பாதி விலை மானியம் என்றால், ஆதிதிராவிட, பழங்குடிச் சிறு, குறு விவசாயிக்கு மாநில அரசு மேலும் 20 விழுக்காடு சேர்த்துத் தருகிறது. அதற்குக் கோட்டாட்சியர் தரும் பழங்குடிச் சாதிச் சான்றும், வட்டாட்சியர் தரும் சிறு, குறு விவசாயிச் சான்றும் வேண்டும். ஐந்து ஏக்கருக்குள் நிலம் உள்ளவர் எல்லோரும் சிறு, குறு விவசாயிச் சான்று பெறலாம். இது இருந்தால் சொட்டுநீர்ப் பாசனத்துக்கும் 100 விழுக்காடு மானியம். 2025–26 வேளாண் நிதிநிலை அறிக்கையில் மலைவாழ் உழவர் முன்னேற்றத் திட்டம் என்று 22.80 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். சிறுதானியம், காய்கறி, பழம், வாசனைப் பயிர் வைப்பவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். கருமந்துறை பக்கம் உள்ளவர்களின் அலுவலகங்கள் சேலம் மாவட்டத்தில். ஒரே மலைதான் என்று கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்து ஒரு நாளை வீணாக்க வேண்டாம்.

எந்தப் பயிருக்கு எந்த வாசல்

மரவள்ளி தோட்டக்கலைத் துறையின் பயிர். மஞ்சள், வாழை, காய்கறியும் அப்படியே. நெல், மக்காச்சோளம், உளுந்து, பருத்தி, சாமை வேளாண்மைத் துறை. இயந்திரம், சூரிய மின்மோட்டார் வேளாண் பொறியியல் துறை. மரவள்ளிக்கு மனு எழுதி வேளாண் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம்.

கரும்புக்கு வாசல் ஆலைதான். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைகளுக்குக் கரும்பு அனுப்புபவர்களுக்கு, மத்திய அரசின் விலைக்கு மேல் மாநில அரசு தரும் சிறப்பு ஊக்கத்தொகை நேரடியாகக் கணக்கில் வரும். 2023–24 அரவைக்கு டன்னுக்கு 215 ரூபாய், 2024–25 அரவைக்கு 349 ரூபாய். 2024–25இல் சர்க்கரைக் கட்டுமானம் 9.5 விழுக்காடும் அதற்குக் கீழும் உள்ள ஆலையில் மத்திய விலை 3,151 ரூபாய். ஊக்கத்தொகை சேர்ந்தால் டன் 3,500. ஏக்கருக்கு நாற்பது டன் வெட்டுகிறவருக்கு ஊக்கத்தொகை மட்டும் 13,960 ரூபாய். நடவு முடிந்ததும் யார் பேரில் ஆலையில் பதிவு செய்கிறீர்களோ அவர் கணக்குக்குத்தான் இது வரும். வெட்டு உத்தரவு கிடைக்கத் தாமதம் என்று வேறொருவர் பதிவில் கரும்பை ஏற்றிவிட்டால், பிறகு ஊக்கத்தொகைக்கு அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான்.

மழை அடித்தால்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்து திருக்கோவிலூர்ப் பக்கம் வயல்கள் மூழ்கின. அப்போது அரசு அறிவித்த நிவாரணம்: 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிப் பயிருக்கு 8,500, பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் 22,500 ரூபாய். ஏக்கர்க் கணக்கில் நெல்லுக்குச் சுமார் 6,900. உழவுக்கும் நடவுக்கும் ஆன செலவில் ஒரு பங்குதான் இது. இருந்தாலும் விட்டுவிடக் கூடாத பணம். கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் சேர்ந்து கணக்கெடுக்க வருவார்கள். அன்று நீங்கள் வயலில் இருங்கள். அடங்கலில் அந்தப் பருவத்துப் பயிர் ஏறியிருக்க வேண்டும். மக்காச்சோளம் வைத்த நிலம் அடங்கலில் தரிசு என்றிருந்தால் பட்டியலில் பேர் வராது. தண்ணீர் நிற்கும்போதே படம் எடுத்துவையுங்கள். வடிந்த பிறகு எடுத்த படம் எதையும் காட்டாது.

நிவாரணம் வேறு, காப்பீடு வேறு. காப்பீட்டுக்கு முன்கூட்டியே பிரீமியம் கட்ட வேண்டும்: காரிப் பருவத்து உணவுப் பயிருக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, ராபிக்கு 1.5, தோட்டக்கலை, வணிகப் பயிருக்கு 5. குத்தகைதாரரும் சேரலாம், அதற்குத்தான் அடங்கலில் பேர் வேண்டும் என்றேன். இழப்பீடு பெரும்பாலும் உங்கள் ஒரு வயலைப் பார்த்து முடிவாவதில்லை; கிராமத்திலோ குறுவட்டத்திலோ நடக்கும் பயிர் அறுவடைச் சோதனையின் சராசரி விளைச்சலைப் பார்த்தே முடிவாகும். உங்கள் வயல் படுத்து, சுற்றுவட்டாரம் தப்பித்தால் பணம் வராது. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, அறுத்துப் போட்ட கதிர் மழையில் நனைதல் போன்றவற்றுக்கு மட்டும் தனி வயல் கணக்கு. 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணில் தெரிவித்தாக வேண்டும். 2026 காரிப்பிலிருந்து காட்டுவிலங்குச் சேதமும் நெல் வயல் மூழ்குவதும் இதில் சேரும் என்று மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. மரவள்ளியைக் காட்டுப்பன்றிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் மலைக்காரர்கள், மாநில அரசின் மாவட்டப் பட்டியலில் கல்வராயன் மலை வருகிறதா என்று விடாமல் கேளுங்கள்.

தரகர் கேட்டால்

இங்கே சொன்ன எந்தப் பணத்துக்கும் கமிஷன் கிடையாது. இ-சேவை மையத்தில் அரசு நிர்ணயித்த சிறு கட்டணம் உண்டு, அதற்கு ரசீது கேளுங்கள். 'பி.எம். கிசான்' என்ற பேரில் வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்பைத் தொடவே கூடாது. தொட்டுப் பணம் போனால் அப்போதே 1930க்கு அழையுங்கள். ஓ.டி.பி.யைக் கேட்பவர் எந்த அலுவலகத்தின் பேரைச் சொன்னாலும் சொல்லாதீர்கள். கடை வைத்திருப்பவர் தெரிந்த பையன்தான் என்று வங்கிப் புத்தகத்தை அங்கேயே விட்டுவராதீர்கள். 2020இல் மாட்டிக்கொண்ட ஏழைகள் பலரும் இப்படித் தெரிந்தவரிடம்தான் கொடுத்தார்கள்.

அலுவலகத்தில் மனு நகரவில்லையென்றால் மாதாமாதம் ஆட்சியர் தலைமையில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போங்கள். மலையிலிருந்து வர முடியாதவர்கள் 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் பதியலாம். மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பெயர், ஊர், பட்டா எண், புல எண், பி.எம். கிசான் பதிவு எண், எந்தத் தவணையிலிருந்து பணம் நின்றது, பயனாளி நிலைப் பக்கத்தில் எந்த வரியில் 'நோ' இருக்கிறது, இதுவரை எந்த அலுவலகத்தில் எந்தத் தேதியில் மனுக் கொடுத்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். சிட்டா நகலையும் அந்தப் பக்கத்தின் அச்சுப் படியையும் பின்னால் வைத்துத் தைத்துவிடுங்கள். இரண்டு படி எடுத்துச் சென்று, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.